மிக்ஸிங்கில் பிளக்இன் வரிசை: எங்கே முக்கியம், எங்கே இல்லை? முழுமையான வழிகாட்டி

ஈக்யூ (அதிர்வெண் பட்டைகளைக் கூட்டிக் குறைப்பது) முதலிலா, கம்ப்ரெஸர் (உரத்த இடங்களை அமுக்குவது) முதலிலா? இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டுமே தங்கள் வரிசையைச் சட்டம் போலச் சொல்லும். ஆனால் சில பிளக்இன்களை (மிக்ஸ் மென்பொருளில் சேர்க்கும் ஒலிக் கருவிகளை) எப்படி இடம் மாற்றினாலும் காதுக்கு எட்டும் மாற்றம் எதுவும் வராது. வேறு சிலவற்றை மாற்றினால் அதே குரல் வேறு அறையில் வேறு மைக்கில் பதிந்தது போலாகிவிடும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மிக்ஸ் செய்யும் மென்பொருள் எதுவானாலும் சரி, அதில் ஒலி எந்தப் பாதையில் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு ட்ராக்கின் பாதை இதுதான்: கிளிப் கெயின் (பதிந்த துண்டின் அளவு), இன்சர்ட் பிளக்இன்கள் (ட்ராக்கிலேயே செருகியவை) மேலிருந்து கீழாக, ஃபேடர் (ட்ராக்கின் ஒலி அளவு), பேன் (இடமா வலமா என்பது), பிறகு பஸ் (பல ட்ராக்குகள் சேரும் பாதை). இன்சர்ட்டுகள் ஃபேடருக்கு முன்னால் இருப்பதால், ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் கம்ப்ரெஸருக்குப் போகும் ஒலி மாறாது. கிளிப் கெயினை மாற்றினால் மாறும். புதிதாக வருபவர்களின் குழப்பத்தில் பாதி இந்த ஓர் இடத்தில்தான்.

மூன்று கருவிகள் தேவை. பீக் அளவையும் சராசரி உரப்பையும் காட்டும் மீட்டர் ஒன்று. எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பின் அலகு) காட்டினால் நல்லது. போலாரிட்டியை, அதாவது அலையைத் தலைகீழாக, திருப்பும் வசதியுள்ள கெயின் பிளக்இன் (ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது) ஒன்று. கெயின் ரிடக்‌ஷனைத் (எத்தனை டிபி அமுக்குகிறது என்பதை) தெளிவாகக் காட்டும் கம்ப்ரெஸர் ஒன்று. மூன்றும் அநேகமாக மென்பொருளோடு சேர்ந்தே வரும்.

மிக்ஸ் எஞ்சின் 32 பிட் ஃப்ளோட்டிலோ 64 பிட் ஃப்ளோட்டிலோ ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஃப்ளோட் என்னும் இந்த எண்முறையில் ஒலி நடுவழியில் 0 டிபிஎஃப்எஸ்-ஐ (டிஜிட்டல் ஒலியின் உச்ச அளவை) தாண்டினாலும் வெட்டுப்படாது, பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சலுகை எஞ்சினுக்கு மட்டும்தான். சில பிளக்இன்கள் உள்ளே 0-வைத் தாண்டினால் வேண்டுமென்றே நசுக்கும். ஒலி அட்டைக்கும் 24 பிட் கோப்புக்கும் போகும்போது தாண்டியதெல்லாம் வெட்டுப்படும்.

2. எந்த ஜோடிக்கு வரிசை முக்கியம் என்று கண்டுபிடித்தல்

ஒவ்வொரு பிளக்இன்னிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உள்ளே வரும் ஒலியின் அளவைப் பார்த்து இது தன் வேலையை மாற்றிக்கொள்கிறதா?

கெயின், சாதாரண ஈக்யூ, ஹை-பாஸ் ஃபில்ட்டர் (கீழ் அதிர்வெண்களை வெட்டுவது), நிலையான டிலே (எதிரொலி), கன்வல்யூஷன் ரிவெர்ப் (நிஜ அறையின் பதிவிலிருந்து எடுத்த முழக்கம்) ஆகியவை மாற்றிக்கொள்வதில்லை. மெதுவாகப் பாடினாலும் உரக்கப் பாடினாலும் 3 கிலோஹெர்ட்ஸில் 2 டிபி என்றால் 2 டிபிதான். இந்தக் கூட்டத்துக்குள் யாரை முன்னே வைத்தாலும் வெளியே வருவது ஒன்றே. ஈக்யூவை கன்வல்யூஷன் ரிவெர்புக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்று தலையை உடைத்துக்கொள்வது வீண்.

கம்ப்ரெஸர், லிமிட்டர் (உச்சத்தைத் தாண்டவிடாதது), கேட் (குறைந்த அளவு ஒலியை அடைப்பது), டி-எஸ்ஸர் (சீறலைக் குறைப்பது), டைனமிக் ஈக்யூ (அளவுக்கேற்ப மாறும் ஈக்யூ), சாச்சுரேஷன் (ஒலியை லேசாக நொறுக்கி நிறம் சேர்ப்பது), டிஸ்டார்ஷன் எல்லாம் அளவைப் பார்த்து நடப்பவை. இவற்றில் ஒன்று சங்கிலியில் நுழைந்ததுமே அதன் முன்னும் பின்னும் இருப்பவற்றின் வரிசை முக்கியமாகிவிடும். முன்னால் இருப்பது எதைக் கொடுக்கிறதோ அதற்கேற்பத்தான் இது நடந்துகொள்ளும்.

மூன்றாவது வகை, நேரத்தோடு அசைபவை: கோரஸ், ஃபிளேஞ்சர், ட்ரெமோலோ. ஒலி அளவை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவை டிலேக்கு முன் வைத்தால் ஒவ்வோர் எதிரொலியும் தான் கிளம்பிய நேரத்து ஏற்ற இறக்கத்தைச் சுமந்துகொண்டு வரும், மூல ஒலியோடு முரண்பட்டு அடிக்கும். பின் வைத்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அசையும். இரண்டும் பயன்படும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பெயரைப் பார்த்து வகை பிரிக்காதீர்கள். பழைய அனலாக் கருவிகளைப் போலச் செய்யப்பட்ட ஈக்யூக்கள் பலவற்றுக்குள் சாச்சுரேஷனும் ஒளிந்திருக்கும். பலகையில் எழுதியிருப்பது ஈக்யூ, நடப்பு இரண்டாம் வகை. இடமும் வலமும் மாறி மாறி ஒலிக்கும் பிங்-பாங் டிலேயும் அப்படித்தான். பேன் செய்துவிட்டு அதற்குள் அனுப்புவதும், அதிலிருந்து வந்ததை பேன் செய்வதும் வெவ்வேறு முடிவு தரும்.

3. சந்தேகம் வந்தால் நல் (null) டெஸ்ட்

வாதம் செய்வதை விடச் சோதிப்பது சுலபம். இரண்டு ஒலிகளை ஒன்றையொன்று அழிக்கவிட்டு, மிச்சம் வருகிறதா என்று பார்ப்பதே நல் டெஸ்ட்.

ஒரே ட்ராக்கை இரண்டாக நகலெடுங்கள். இரண்டிலும் ஒரே சங்கிலியை ஒரே வரிசையில் போடுங்கள். ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மௌனம் வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சங்கிலியில் தற்செயலாக அசையும் ஏதோ இருக்கிறது. டேப் அசைவு, ரிவெர்பின் மாடுலேஷன் போன்றவை. அவற்றை நிறுத்திவிட்டுத் தொடருங்கள். இந்த முதல் ஓட்டத்தைத் தவிர்ப்பவர்கள்தான் எதை வைத்தாலும் வித்தியாசம் வருகிறது என்று தவறாக முடிவுகட்டுகிறார்கள்.

இப்போது ஒரு ட்ராக்கில் மட்டும் இரண்டு பிளக்இன்களை இடம் மாற்றுங்கள். கெயினையும் சாதாரண ஈக்யூவையும் மாற்றினால் மிச்சம் ஒன்றும் கேட்காது. மீட்டரில் தெரிவதும் கணக்கீட்டின் முழுமைப்படுத்தல் பிழைதான், கேட்கும் எல்லைக்கு வெகு கீழே இருக்கும். ஈக்யூவையும் கம்ப்ரெஸரையும் மாற்றினால் மிச்சம் தெளிவாகக் கேட்கும். வரிசையால் வந்த வித்தியாசம் அந்த மிச்சம்தான்.

4. சுத்தம் செய்யும் வேலைகள் சங்கிலியின் தலையில்

ஒரே வாத்தியத்தை இரண்டு மைக்கில் பதிந்திருந்தால், அவற்றின் போலாரிட்டியையும் நேரத்தையும் சரிசெய்வதுதான் முதல் வேலை. ஒலி 1 மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் பயணிக்கிறது. மைக்குகளுக்கிடையே அவ்வளவு தூர வித்தியாசம் இருந்தால், இரண்டும் சம அளவில் சேரும்போது 500 ஹெர்ட்ஸிலும் 1500 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் வரிசையாகப் பள்ளங்கள் விழும். இதைச் சரிசெய்யாமல் ஈக்யூ போட்டால் அந்தப் பள்ளத்துக்குத்தான் ஈக்யூ போட்டுக்கொண்டிருப்பீர்கள். பிறகு நேரத்தைச் சரிசெய்தால் போட்ட ஈக்யூ முழுக்கத் தப்பாகிவிடும்.

அடுத்து இரைச்சல் நீக்கம். பின்னணி இரைச்சலின் மாதிரியைக் கற்றுக்கொண்டு கழிக்கும் பிளக்இன்களுக்கு இரைச்சல் ஒரே அளவில் நிற்க வேண்டும். கம்ப்ரெஸருக்குப் பின் அது நிற்காது. பாடும்போது அமுங்கி, மூச்சு விடும்போது மேலெழும்பும். கற்ற மாதிரி எந்த அளவுக்கும் பொருந்தாது.

சுருதித் திருத்தமும் இங்கேதான். ஒற்றைக் குரல், ரிவெர்ப் இல்லாமல், டிஸ்டார்ஷன் இல்லாமல் கிடைத்தால்தான் அது சுருதியைச் சரியாகக் கண்டுபிடிக்கும். ரிவெர்பின் வாலில் முந்தைய ஸ்வரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால் தடுமாறும்.

கேட் பிளக்இன்னும் கம்ப்ரெஸருக்கு முன்னால் வர வேண்டும். கணக்கு இதுதான்: குரலின் பீக் -6 டிபிஎஃப்எஸ், இரைச்சல் -60; இடைவெளி 54 டிபி. கம்ப்ரெஸர் பீக்கை 10 டிபி அமுக்கி, நீங்கள் 10 டிபி மேக்கப் கெயின் (அமுக்கியதை ஈடுகட்டும் ஏற்றம்) கொடுத்தால் பீக் பழைய இடத்திலேயே நிற்கும், இரைச்சல் -50-க்கு ஏறிவிடும். இடைவெளி 44. கேட் பிளக்இன்னின் த்ரெஷோல்டை (அது திறக்கும் அளவை) வைக்க இருந்த இடம் 10 டிபி சுருங்கிவிட்டது. சொல்லின் கடைசி எழுத்து வெட்டுப்படும், அல்லது இரைச்சல் உள்ளே நழுவும்.

5. கெயின்: கம்ப்ரெஸருக்கு முன்னா, பின்னா

த்ரெஷோல்ட் (அமுக்கம் தொடங்கும் அளவு) -20, ரேஷியோ 4:1 (தாண்டியதில் நான்கில் ஒரு பங்கே வெளியே வரும்) என்று வைத்துக்கொள்வோம். -12-ல் வரும் ஒலி த்ரெஷோல்டை 8 டிபி தாண்டுகிறது; கம்ப்ரெஸர் அதை 2 டிபியாக்குகிறது; வெளியே -18.

இப்போது 6 டிபி கூட்ட வேண்டும். கம்ப்ரெஸருக்குப் பின் கூட்டினால் -12, கேட்டது முழுதாகக் கிடைத்தது. முன்னால் கூட்டினால் உள்ளே போவது -6. தாண்டுவது 14, வெளியே வருவது 3.5. முடிவு -16.5. கேட்டது 6, கிடைத்தது 1.5. கூடவே அமுக்கம் 6 டிபியிலிருந்து 10.5 டிபிக்கு ஏறியிருக்கிறது.

ஆகவே வேலையை இப்படிப் பிரியுங்கள். ஒரு வரி மெதுவாகவும் அடுத்த வரி உரக்கவும் பதிந்திருந்தால் கிளிப் கெயினில் சமப்படுத்துங்கள். அப்போது கம்ப்ரெஸர் எல்லா வரிகளுக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். சரணத்தில் குரல் சற்று முன்னே வர வேண்டும் என்பது போன்ற இசை முடிவுகளை ஃபேடர் ஆட்டோமேஷனில் (ஃபேடரின் அசைவைப் பதிந்து தானாக நகரவிடுவதில்) செய்யுங்கள். அதைக் கிளிப் கெயினில் செய்தால், நீங்கள் தள்ளியதைக் கம்ப்ரெஸர் பிடித்து இழுத்துவிடும்.

அனலாக் மாதிரி பிளக்இன்கள் பல, சராசரி அளவு -18 டிபிஎஃப்எஸ் சுற்றி இருக்கும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றுக்குள் நுழையுமுன் கெயினை அங்கே கொண்டுவருவது நல்லது. நண்பர் கொடுத்த பிரீசெட் (சேமித்த அமைப்பு) உங்களிடம் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: த்ரெஷோல்ட் அவருடையது, ஒலி அளவு உங்களுடையது.

6. ஈக்யூவும் கம்ப்ரெஸரும்

பேசிப் பேசித் தேய்ந்த இந்தக் கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் இல்லை. வெட்டும் ஈக்யூவும் கூட்டும் ஈக்யூவும் வேறு வேறு வேலைகள். அவற்றுக்கு வேறு வேறு இடம் வேண்டும்.

கம்ப்ரெஸர் உள்ளே ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறது: மொத்த அளவு. அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. 40 ஹெர்ட்ஸில் மைக் ஸ்டாண்டின் அதிர்வோ, "ப" சொல்லும்போது வந்த காற்று மோதலோ உள்ளே வந்தால், அதற்காகக் குரல் முழுவதையும் அமுக்கிவிடும். சின்ன ஸ்பீக்கரில் அந்த 40 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. குரல் காரணமில்லாமல் குழிவிழுவது மட்டும் கேட்கும்.

எனவே தேவையற்றதை வெட்டுவது கம்ப்ரெஸருக்கு முன்னால். ஆண் குரலுக்கு ஹை-பாஸை 70 முதல் 90 ஹெர்ட்ஸிலும், பெண் குரலுக்கு 100 முதல் 120 ஹெர்ட்ஸிலும் தொடங்கிப் பாருங்கள். குரல் மெலியத் தொடங்கும் வரை ஏற்றி, கொஞ்சம் பின்வாங்குங்கள். 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் பெட்டிக்குள் பேசுவது போன்ற கனம் இருந்தால் அதையும் இங்கேயே 2, 3 டிபி வெட்டலாம். பேஸ் கிடாரில் ஒரு ஸ்வரம் மட்டும் உறுமினால், அந்த அதிர்வெண்ணைக் குறுகலாக வெட்டிவிட்டுக் கம்ப்ரெஸருக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் அந்த ஒரு ஸ்வரத்துக்குத் தகுந்தபடிதான் த்ரெஷோல்ட் வைக்க நேரும், மற்ற ஸ்வரங்கள் அமுக்கமே இல்லாமல் போய்விடும்.

குரலுக்கு நிறம் சேர்ப்பது, பளபளப்புக்காக 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 2, 3 டிபி ஷெல்ஃப் கூட்டுவது போன்றவை கம்ப்ரெஸருக்குப் பின்னால். முன்னால் கூட்டினால் என்ன ஆகும்? அந்தப் பட்டையில் ஆற்றல் வரும் நேரமெல்லாம் த்ரெஷோல்ட் தாண்டும், கம்ப்ரெஸர் குரலின் அடிப்பகுதியையும் சேர்த்து இழுக்கும். நீங்கள் இன்னும் கூட்டுவீர்கள், அது இன்னும் இழுக்கும். 8 டிபி கூட்டியும் போதவில்லை என்று தோன்றினால் வரிசையைப் பாருங்கள்.

விதிவிலக்கும் உண்டு. கம்ப்ரெஸர் குறிப்பிட்ட ஒரு பட்டைக்கு எதிர்வினை காட்ட வேண்டும் என்று நீங்களே விரும்பினால் முன்னால் கூட்டலாம். கடுமையான 3 கிலோஹெர்ட்ஸ் கத்தல் உள்ள குரலில் சிலர் அந்தப் பட்டையைக் கூட்டி, அமுக்கி, பிறகு அதே அளவு வெட்டுவார்கள். கத்தும் இடங்களில் மட்டும் கம்ப்ரெஸர் கூடுதலாக இறங்கும். ஆனால் கம்ப்ரெஸரிலேயே சைடுசெயின் ஃபில்ட்டர் இருந்தால் இந்தச் சுற்றுவழி எதற்கு? கம்ப்ரெஸர் எதைக் கேட்க வேண்டும் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம், ஒலியின் நிறம் மாறாது. கிக் டிரம்முக்கும் மிக்ஸ் பஸ்ஸுக்கும் இதுவே சிறந்த வழி. அடிப்பகுதியை இழக்கவும் கூடாது, அது கம்ப்ரெஸரை ஓட்டவும் கூடாது என்றால் சைடுசெயினில் 100 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் போதும்.

இரண்டு கம்ப்ரெஸர்களை அடுத்தடுத்து வைப்பதானால் வேகமானது முன்னால். 1176 என்ற வேகமான கம்ப்ரெஸர் வகையின் அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 20 முதல் 800 மைக்ரோசெகண்ட் வரை. எல்ஏ-2ஏ என்ற மெதுவான வகைக்கு ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட். வேகமானது திடீர் முனைகளை மட்டும் 3 டிபி அளவில் தட்டிவிட்டால், மெதுவானது சமமான ஒலியைப் பெற்று 2, 3 டிபியில் நிதானமாக வேலை செய்யும். திருப்பிப் போட்டால் மெதுவானது முனையைத் தவறவிடும். போதாததற்கு அந்த முனையால் இழுக்கப்பட்டு, மீள நேரம் எடுத்து, அடுத்த சொல்லையும் அமுக்கும்.

7. டி-எஸ்ஸரின் இடம்

"ச", "ஸ" ஒலிகளின் சீறல் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். உயிரெழுத்துகளில்தான் ஆற்றல் அதிகம் என்பதால் கம்ப்ரெஸர் அவற்றை அமுக்கும், சீறலைப் பெரும்பாலும் தொடாது. பிறகு மேக்கப் கெயின் எல்லாவற்றையும் ஏற்றும்போது சீறல் மட்டும் முந்திக்கொண்டு வரும். பதிவில் இல்லாத சீறல் மிக்ஸில் வந்தது எப்படி என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இடத்தை முடிவு செய்யக் கம்ப்ரெஸரின் முள்ளைப் பாருங்கள். "ஸ" வரும்போது முள் சட்டென்று இறங்கினால், சீறலே கம்ப்ரெஸரை ஓட்டுகிறது. டி-எஸ்ஸரை முன்னால் வையுங்கள். முள் அசையாவிட்டால் பின்னால் வையுங்கள். அங்கே ஒலி அளவு சமமாகிவிட்டதால் ஒரே த்ரெஷோல்ட் பாட்டு முழுவதும் பொருந்தும். பளபளப்பு ஈக்யூ அதற்கும் பின்னால் இருந்தால் சீறல் மறுபடி தலை தூக்கலாம். அப்போது முதல் டி-எஸ்ஸரை இறுக்காமல், கடைசியில் 2 டிபிக்கு மேல் இறங்காத இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பது மேல். ஒரே டி-எஸ்ஸரை 8 டிபி இறக்கினால் பாடகருக்கு நாக்கு தடிக்கும்.

8. சாச்சுரேஷன்

இது இல்லாத அதிர்வெண்களை உருவாக்குகிறது. 100 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 200, 300 என்று மடங்குகள் வெளியே வரும். இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட வரும்: 100-ம் 130-ம் சேர்ந்தால் 230, 30. அந்த 30 ஹெர்ட்ஸ் எந்தச் சுருதியிலும் சேராது, சேறாகக் கேட்கும்.

அதனால் முன்னால் இருக்கும் ஈக்யூ, எது நொறுங்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. பின்னால் இருக்கும் ஈக்யூ, நொறுங்கியதில் எவ்வளவு வெளியே வரட்டும் என்பதை. அடிப்பகுதி சேறானால் சாச்சுரேஷனுக்கு முன் வெட்டுங்கள். மேலே அரம் உரசுவது போலிருந்தால் பின்னால் வெட்டுங்கள்.

பின்னால் வெட்ட முடியாத ஒன்றும் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. 10 கிலோஹெர்ட்ஸின் மூன்றாம் மடங்கு 30. அது மடிந்து 18 கிலோஹெர்ட்ஸில் வந்து விழும். கேட்கும் எல்லைக்குள் விழுந்துவிட்டதை இசையிலிருந்து எந்த ஃபில்ட்டரும் பிரித்தெடுக்காது. பிளக்இன்னில் ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவது) இருந்தால் இயக்குங்கள், இல்லாவிட்டால் சாச்சுரேஷனுக்கு முன் லோ-பாஸ் (மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்ட்டர்) போடுங்கள்.

கம்ப்ரெஸருக்குப் பின் வைத்தால் சாச்சுரேஷன் ஒரே சீராக இருக்கும். முன் வைத்தால் உரத்த இடங்கள் மட்டும் அதிகம் நொறுங்கும். உணர்ச்சி ஏறும் இடத்தில் கரகரப்பு கூட வேண்டுமென்றால் முன்னால்; சாதாரணப் பின்னணிக் குரல் என்றால் கம்ப்ரெஸருக்குப் பின்னால்.

9. ரிவெர்பும் டிலேயும்

குரலின் நகலை சென்ட் வழியாகத் தனி ட்ராக்குக்கு அனுப்பி, பிளக்இன்னை 100 சதவீதம் வெட் (மூல ஒலி இல்லாமல் எதிரொலி மட்டும்) வைத்து, ஃபேடருக்குப் பின்னிருந்து சென்ட் எடுங்கள். இன்சர்ட்டில் போட்டால் அதற்குப் பின் வரும் ஒவ்வொன்றும் குரலையும் வாலையும் சேர்த்தே கையாளும். ரிவெர்புக்குப் பின் கம்ப்ரெஸர் என்றால், குரல் நிற்கும் நொடியில் கம்ப்ரெஸர் விட்டுக்கொடுக்க, வால் மேலெழும்பும். அதற்கென்றே செய்தால் அழகு. தெரியாமல் செய்தால் பாடகர் குகைக்குள் போய்விட்டார்.

ரிவெர்ப் ட்ராக்கில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவதை முன்னால் செய்வதா, பின்னால் செய்வதா என்பது பெரும்பாலான ரிவெர்புகளில் பொருட்டே இல்லை. டி-எஸ்ஸர் மட்டும் ரிவெர்புக்கு முன்னால் வர வேண்டும். ஒவ்வொரு "ஸ"வும் இரண்டு நொடி வாலாக நீண்ட பிறகு அதைத் தனியே பிடிக்க முடியாது. பாடும்போது ரிவெர்ப் ஒதுங்க வேண்டுமென்றால் குரலைச் சைடுசெயினாகக் கொண்ட கம்ப்ரெஸரை ரிவெர்புக்குப் பின் வையுங்கள். முன்னால் வைத்தால் புதிதாக நுழைவது மட்டும் குறையும், ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் வால் அப்படியே நிற்கும்.

10. பேரலல் பாதைகள்

ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நன்றாக அமுக்கி மறுபடி சேர்க்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 48 சாம்பிள் தாமதம் என்றால் 1 மில்லிசெகண்ட். 4-ஆம் பகுதியில் சொன்ன அதே பள்ளங்கள் இங்கேயும் விழும். தாமத ஈட்டை மென்பொருள் தானாகச் செய்யும், ஆனால் குறைந்த தாமத மோடை இயக்கியிருந்தாலோ வெளிக் கருவியை இணைத்திருந்தாலோ தவறலாம்.

சாதாரண ஈக்யூ ஃபேஸையும் நகர்த்துகிறது. அதை ஒரு பாதையில் மட்டும் போட்டால் சேரும் இடத்தில் எதிர்பாராத குறைவு வரும். நிறம் மாற்றும் ஈக்யூவைப் பிரிவதற்கு முன்போ சேர்ந்த பின்போ போடுங்கள்.

11. பஸ்ஸும் மாஸ்டரும்

பஸ்ஸில் கம்ப்ரெஸர் வைத்தால், அதற்குள் போகும் ஒவ்வொரு ஃபேடரும் அந்தக் கம்ப்ரெஸருக்கான இன்புட் கெயின்தான். எல்லா ட்ராக்குகளையும் 3 டிபி ஏற்றினால் ஒலி அவ்வளவு ஏறுவதில்லை, அமுக்கம்தான் ஏறும். மொத்த அளவை மாற்ற பஸ் ஃபேடரைத் தொடுங்கள்.

மிக்ஸ் பஸ்ஸில் கம்ப்ரெஸர் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே 1, 2 டிபி அளவில் போட்டுவிட்டு அதற்குள் மிக்ஸ் செய்யுங்கள். முடித்த மிக்ஸின் மேல் கடைசியில் போட்டால் கிக் அடிக்கும்போதெல்லாம் குரல் இறங்கும், பார்த்துப் பார்த்து வைத்த சமநிலை முழுதும் நகரும்.

மாஸ்டரில் பாதுகாப்பான வரிசை: குறை தீர்க்கும் ஈக்யூ, கம்ப்ரெஸர், நிறத்துக்கான ஈக்யூ, கடைசியில் லிமிட்டர். லிமிட்டருக்குப் பின் எதுவும் வேண்டாம். ஈக்யூவில் கூட்டத்தானே கூடாது, வெட்டினால் என்ன என்று கேட்பார்கள். வெட்டினாலும் பீக் ஏறலாம். சதுர அலையை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் உயரம் 1 என்றால், அதிலுள்ள அடிப்படை அலையின் உயரம் 1.27. மேல் மடங்குகள் சேர்ந்துதான் அந்த முனையைத் தட்டையாக்குகின்றன. அவற்றை லோ-பாஸால் நீக்கினால் பீக் 2.1 டிபி ஏறும். லிமிட்டர் தட்டையாக்கிய அலையும் அதே ஜாதி. ஸ்டீரியோ அகலம் கூட்டும் பிளக்இன்னும் இதே காரணத்துக்காக லிமிட்டருக்கு முன்னால்தான்.

மாஸ்டர் ஃபேடரையும் கவனியுங்கள். புரோ டூல்ஸில் மாஸ்டர் ஃபேடரின் இன்சர்ட்டுகள் ஃபேடருக்குப் பின்னால் இருக்கின்றன. அதில் ஃபேட் அவுட் செய்தால், ஒலி குறையக் குறைய கம்ப்ரெஸரும் விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும், முடிவின் குணம் மாறும். இன்சர்ட்டுகள் ஃபேடருக்கு முன் இருக்கும் மென்பொருள்களில் ஆபத்து வேறு: லிமிட்டர் -1-ல் நிறுத்தியதை, 2 டிபி ஏற்றிவைத்த ஃபேடர் 0-வைத் தாண்டிக் கொண்டுபோய் வெட்டும்.

12. வரிசையை மாற்றிப் பார்க்கும் முறை

இரண்டு பிளக்இன்களை இழுத்து மாற்றிவிட்டு உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். இடம் மாறியதும் கம்ப்ரெஸருக்குள் போகும் அளவும் மாறியிருக்கும். நீங்கள் ஒப்பிடுவது வரிசையை அல்ல, இரண்டு வேறு த்ரெஷோல்டுகளை.

முதலில் பழைய வரிசையில் உரத்த இடத்தில் எத்தனை டிபி அமுக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் த்ரெஷோல்டை நகர்த்தி அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வெளியே வரும் உரப்பை மீட்டரில் சமப்படுத்துங்கள். அரை டிபி கூடுதலாக இருப்பதுகூட நன்றாக இருப்பதாக ஏமாற்றும். அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது எது என்று சொல்ல முடியாவிட்டால் அந்த ஜோடியை மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

13. எக்ஸ்போர்ட்

இங்கே வரிசையில் விட்டுக்கொடுப்பு மிகக் குறைவு. ஃபேட் அவுட், சாம்பிள் ரேட் மாற்றம், லிமிட்டர், டித்தர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்), பிட் குறைப்பு. சாம்பிள் ரேட் மாற்றமும் ஒரு ஃபில்ட்டர்தான், பீக்கை ஏற்றும். அதனால் லிமிட்டர் அதற்குப் பின்னால் இருப்பது நல்லது. ஒரே ரெண்டரில் எல்லாம் நடப்பதால் லிமிட்டர் முன்னால் வந்துதான் தீரும் என்றால், உச்சவரம்பை -1 டிபிடிபி (சாம்பிள்களுக்கு இடையே எழும் முனையையும் சேர்த்து அளக்கும் அலகு) அல்லது அதற்குக் கீழே வைத்து இடம் விடுங்கள். எம்பி3, ஏஏசி ஆகும்போதும் பீக் ஏறும், அந்த இடம் அதற்கும் உதவும்.

டித்தர் ஒரே முறை, 16 அல்லது 24 பிட்டுக்கு இறங்கும் கடைசிப் படியில் மட்டும். அதன் பின் அரை டிபி கெயின் மாற்றினாலும் எண்கள் மறுபடி முழுமைப்படுத்தப்படும், போட்ட டித்தர் பயனற்றுப் போகும். மாஸ்டரிங்குக்கு இன்னொருவரிடம் அனுப்புவதானால் 32 பிட் ஃப்ளோட் கோப்பாக, டித்தரும் லிமிட்டரும் இல்லாமல் கொடுங்கள். மிக்ஸ் பஸ் கம்ப்ரெஸரை மட்டும் எடுக்காதீர்கள். அதற்குள்தான் மிக்ஸ் செய்திருக்கிறீர்கள்.